நீரும் கரையும்



எந்த ஆசிரியப் பெருந்தகையின் ஞாபகார்த்தமாக இச்சொற்பொழிவு ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகிறதோ, அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் சிங்கப்பூரின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதிலே செலவிட்டவர். ஆற்று வளத்தை வருணிக்கும் பழஞ்செய்யுட்களை அவர் ஒரு நாள் வகுப்பிலே இசையோடு பாடி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, “ஆறு நாறுமே ஐயா, அதை ஏன் பாடினார்கள்?” என்று கேட்டானாம். அந்தக் குழந்தை பரிகாசமாகக் கேட்கவில்லை. அவன் அறிந்த ஆறு அது ஒன்றுதான். அதற்கு விடை சொல்லத் தமக்கு நா எழவில்லை என்று ஆசிரியர் பிற்காலத்தில் என்னிடம் சொன்னதுண்டு. அன்று அவர் சொல்லாமல் விட்ட விடையை என் சக்திக்கு இயன்ற அளவில் சொல்லிப் பார்க்கலாம் என்னும் ஆசையினாலேயே இன்றைய விஷயமாக நம் ஆற்றை எடுத்துக்கொண்டேன்.

ஆறு என்று பெயர் படைத்திருந்தாலும் சிங்கப்பூர் ஆறு நீளத்தில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஓர் ஓடையே; கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப ஒரு நாளில் நிறைந்தும் வடிந்தும் வந்த ஒரு கழி. அதற்குக் கிழக்கே காலாங், வாம்போ, கேலாங், ரோச்சோர் முதலிய ஓடைகள் வந்து கூடும் காலாங் படுகை இருக்கிறது. நம்மவர் நாள்தோறும் கறிகாய் வாங்கப் போகும் ‘தேக்கா’ என்னும் பெயரே மூங்கிலடி என்று பொருள்படும் சீனச் சொல்லின் திரிபு. ரோச்சோர்க் கால்வாயின் கரையிலே ஒரு காலத்தில் மூங்கில் அடர்ந்து நின்றதற்கு அந்தப் பெயர் ஒன்றே இன்று சாட்சியாக நிற்கிறது.

இந்த ஓடைக்கும் தமிழருக்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதன்று. துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களிலிருந்து மூட்டைகளை இறக்கிக் கரை சேர்த்த தோணித் தொழில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து ‘சூலியா’ என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் கையிலேயே பெரிதும் இருந்தது. அதன் பின்னரே அது சீனர் வசமாயிற்று. ஆற்றை அடுத்த மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித் தொழில் செய்த நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஆற்றுக்குச் சிறிது தொலைவிலே டேங்க் ரோட்டில் 1859-ஆம் ஆண்டு அவர்கள் எடுப்பித்த தெண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. வந்தவன் முதலில் இறங்கிய இடமும், வட்டிக்கு வாங்கிய இடமும், கும்பிட்ட இடமும் இந்த நீரின் அருகிலேயே இருந்தன.

தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த என் தகப்பனார் அந்தக் கிட்டங்கிகளில் ஒன்றிலே கணக்கெழுதினார். விடுமுறை நாட்களில் சில சமயம் என்னையும் உடன் அழைத்துச் செல்வார். பஸ் பாலத்தை நெருங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. பஸ்ஸில் இருந்தவர் அனைவருடைய கைகளும் ஒருங்கே மூக்குக்குப் போகும். தகப்பனார் தம் கைக்குட்டையை நான்காக மடித்து என் முகத்திலே வைத்து அழுத்துவார். வற்றத்தின்போது கரையோரத்தில் கறுத்த சேறு தலைகாட்டும். அதன்மேல் எண்ணெய்ப் படலம் மயிற்கழுத்து நிறத்தில் மினுங்கும். அழுகின கறிகாயும் கோழிக் குடலும் தோணிகளின் இடுக்கிலே சிக்கி அசைந்துகொண்டிருக்கும். ஆயினும் அந்தத் தோணிகளின் முகப்பிலே வர்ணம் தீட்டிய பெரிய கண்கள் இருந்தன. மூக்கை மூடிக்கொண்டே அந்தக் கண்களை எண்ணிக்கொண்டு வருவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

இந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், அதன் ஊற்று ஆற்றில் இல்லை, ஆற்றுக்கு வெகு தூரத்தில் இருந்தது என்பது விளங்கும். மேட்டுப் பாங்கிலே பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றின் கழுநீர் சிற்றோடைகள் வழியே இறங்கி வந்தது. கழிவுநீர்க் குழாய் எட்டாத, கம்பம் எனப்பட்ட கிராமங்களின் வீடுகளில் வாளி வைத்த கழிப்பிடங்கள் இருந்தன. தெருவோரத்தில் அடுப்பு வைத்து வியாபாரம் செய்த அங்காடிக்காரர், தட்டு கழுவிய நீரையும் எஞ்சிய சோற்றையும் பக்கத்துச் சாக்கடையிலே கொட்டினார். அவருக்குக் குழாயும் கிடையாது, குப்பைத் தொட்டியும் கிடையாது, வேறு வழியும் கிடையாது. படகு பழுது பார்த்தவர்களின் எண்ணெயும் தச்சுப் பட்டறைகளின் மரத்தூளும் அவற்றோடு சேர்ந்தன. ஒருவரும் ஆற்றைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தவரல்லர். தத்தம் வயிற்றுப் பாட்டைப் பார்த்துக்கொண்ட பல்லாயிரம் ஏழைகளின் ஜீவனம் அந்த நீரிலே வந்து கரைந்துகொண்டிருந்தது.

1977-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி, மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்து வைத்த பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கக்கூடிய நிலைமை வரவேண்டும் என்று பிரகடனம் செய்தார். நீர்த்தேக்கத் திறப்பு விழாவிலே சாக்கடை ஆற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று அன்று சிலர் வியந்திருக்கக் கூடும். குடிநீருக்கு 1961, 1962-ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களைக் கொண்டு மலேசியாவின் ஜொகூரை நம்பியிருந்த ஒரு சிறு தேசத்துக்கு, வானத்திலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் சொத்து என்பதையும், அந்த இரண்டு ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி இத்தீவின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்பதையும் நினைத்துப் பார்த்தால், நீர்த்தேக்கமும் ஆற்றின் தூய்மையும் ஒரே விஷயம்தான் என்பது தெளிவாகும்.

ஆற்றைத் தூய்மையாக்கும் பணியை முன்னின்று நடத்தியவர் சுற்றுப்புற அமைச்சின் நிரந்தரச் செயலாளராக விளங்கிய லீ எக் டியெங் என்பவர். அவரும் அவருடைய சகாக்களும் முதலில் சேற்றை வாரத் தொடங்கவில்லை. வாரியிருந்தால் அடுத்த மழைக்கு அது மறுபடியும் நிறைந்திருக்கும். அவர்கள் கரைக்குப் போனார்கள். எந்த வீட்டிலிருந்து, எந்தப் பண்ணையிலிருந்து, எந்த அடுப்படியிலிருந்து அழுக்கு இறங்குகிறது என்று கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. சுமார் 5,000 தெருவோர அங்காடிக்காரர்கள் குழாயும் வடிகாலும் அமைந்த உணவங்காடி நிலையங்களுக்குக் குடியேறினார்கள். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 2,800-க்கு மேற்பட்ட குடிசைத் தொழில்களுக்கு மாற்று வழி தேட வேண்டியிருந்தது. இன்று நாம் காலையில் தோசையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுச் சாவதானமாக எழுந்து போகிறோமே, அந்த உணவங்காடி நிலையங்களில் பலவற்றுக்கும் ஆற்றின் சுத்தத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கைகளைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பன்றி வளர்த்த குடியானவன் பத்தாவது மாடியிலே குடியேறிய பிறகு, விடியற்காலையில் விழித்துக்கொண்டு செய்வதற்கு என்ன இருந்தது? வீடு கிடைத்தது, தண்ணீரும் மின்சாரமும் கிடைத்தன, கைப்பழக்கமான தொழில் போயிற்று. 1983-ஆம் ஆண்டு எண்ணூறுக்கு மேற்பட்ட தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டபோது ஆற்றிலே நூற்றறுபது ஆண்டுகளாக நடந்துவந்த ஒரு ஜீவனம் முடிந்தது. கரையோரக் கிடங்குகள் வெறிச்சோடின. நான் எண்ணி மகிழ்ந்த அந்தக் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றுவாயைக் கடந்து போயின. ஆற்றை மீட்டது சரியே என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். நன்றி சொல்லும் வேளையில் அதிகாரிகளின் பெயர்களோடு பெயர் தெரியாத இவர்களையும் சேர்த்துச் சொல்வதே முறை.

ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். இங்கே போகச் சொன்னவர்கள், போய்ச் சேர ஓர் இடத்தையும் காட்டினார்கள். சென்னையிலே கூவம் ஆற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சிங்கப்பூரை உதாரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கூவக் கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் நகரத்தின் தென்கோடியான பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வேலை செய்த வீடும் பிள்ளைகள் படித்த பள்ளியும் பழைய இடத்திலேயே நிற்க, படுக்கும் இடம் மட்டும் பல மைல்களுக்கு அப்பால் போயிற்று. நம்மை உதாரணமாகக் கொள்பவர்கள் ஆற்றின் படத்தை மட்டும் பார்க்காமல், அதன் கரையை விட்டவர்கள் எங்கே, எப்படிக் குடியேறினார்கள் என்பதையும் வந்து பார்க்கும்படி மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

நம் ஆற்றிலே கரை சீரான பிறகே சேற்றை வாரினார்கள், கரைச்சுவர்களைப் புதுப்பித்தார்கள், காலாங் படுகையின் ஓரத்திலே மணலைக் கொண்டுவந்து பரப்பினார்கள். மீனும் இறாலும் தாமாகவே திரும்பி வந்தன. குறித்த தவணைப்படியே 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆறு தூய்மையான வைபவம் கொண்டாடப்பட்டது. 2008-ஆம் ஆண்டு மரீனா கால்வாயின் குறுக்கே மரீனா அணை எழுந்து, கடல் வெளியே நின்றது. மூக்கை மூடிக்கொண்டு நாம் கடந்த அதே நீர், இன்று குடிநீருக்கான தேக்கத்தில் சேர்ந்திருக்கிறது.

தூய்மை வந்துவிட்டது, ஆற்றோடு நெருக்கம் வரவில்லை. ஆறுகளும் ஓடைகளும் பல இடங்களில் கான்கிரீட் வாய்க்கால்களாகவே இருந்தன. வெள்ளத்துக்கு அஞ்சி, மழைநீர் எவ்வளவு விரைவாகக் கடலுக்குப் போகுமோ அவ்வளவு விரைவாகப் போகட்டும் என்று நேர்கோடாக வெட்டி, இருமருங்கும் வேலியிட்டு வைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கு அதைப் பற்றிக் கற்பித்த பாடம், கிட்டப் போகாதே என்பது ஒன்றுதான். அந்த வேலியை நீக்கத் துணிந்த இடம் பிஷான்.

பிஷானுக்கும் அங் மோ கியோவுக்கும் இடையே 2.7 கிலோமீட்டர் நேராக ஓடிய காலாங் வாய்க்காலின் கான்கிரீட்டை 2009-ஆம் ஆண்டிலே பெயர்க்கத் தொடங்கினார்கள். பெயர்த்த கான்கிரீட்டையும் வீணாக்காமல் பூங்காவிலேயே ஒரு குன்றாகக் குவித்து அதன்மேல் மண்ணிட்டுப் புல் வளர்த்தார்கள். 2012-ஆம் ஆண்டு பூங்கா திறக்கப்பட்டபோது, ஆறு வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டராக நீண்டிருந்தது. கரையை நிறுத்திய விதம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. உயிருள்ள கிளைகளை வெட்டி, கட்டுக் கட்டாகக் கயிற்றால் இறுக்கி, கரைச் சரிவிலே குறுக்காகப் புதைத்து, முளையடித்து நிறுத்தியிருந்தார்கள். கற்களின் இடுக்குகளிலே நாற்றுகளைச் செருகியிருந்தார்கள். நாளடைவில் கட்டின கயிறு மக்கிப் போயிற்று. அதற்குள் கிளைகள் வேர் விட்டு மண்ணைத் தாமே பிடித்துக்கொண்டன. கான்கிரீட் கரை காலப்போக்கில் பலம் குறைந்துகொண்டே வருவது; இந்தக் கரையோ ஒவ்வொரு மழைக்கும் பலம் கூடிக்கொண்டே வருவது. காவிரிக் கரையிலே நாணல் நட்டுக் கரை காத்த நம் முன்னோருக்கு இது புதிதாகத் தோன்றியிராது.

மழைக் காலத்தில் என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. மழை பெய்தால் ஆறு அகலட்டும் என்று இடம் விட்டார்கள். பதினேழு முதல் இருபத்துநான்கு மீட்டர் வரை இருந்த வாய்க்காலின் அகலம் சில இடங்களில் நூறு மீட்டர் வரை விரியும்படி ஆயிற்று. மழையில்லாத நாளில் பிள்ளைகள் பந்தாடும் புல்வெளி, மழை நாளில் ஆற்றுக்குச் சொந்தம். நீர் ஏறும்போது விளக்கெரியும், சங்கு ஒலிக்கும். ஜனங்கள் மேட்டுக்கு வந்துவிடுவார்கள். வேலியால் காத்த ஒரு விஷயத்தை மனிதர்களின் விவேகத்தின் மேல் நம்பிக்கை வைத்துக் காப்பது என்பது சாமானியமான தீர்மானமல்ல. நம் ஆசிரியர் இருந்திருந்தால், மற்ற எல்லாவற்றையும்விட இதையே பெரிதாகப் பாராட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். சில ஆண்டுகளில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே வந்து தங்கிக் குட்டி போட்டு வளர்த்தது. அவற்றைப் பார்க்க ஊரே திரண்டது.

பூங்கா திறந்த ஆண்டில் என் தகப்பனாரை அங்கே அழைத்துச் சென்றேன். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஆற்றைக் கடப்பதற்கு அகலமான கற்களைப் பதித்திருக்கிறார்கள் அல்லவா, அங்கே வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றச் சொன்னார். கல்லின்மேல் உட்காரவைத்தேன், இரண்டு கால்களையும் நீரிலே தொங்கவிட்டுக்கொண்டார். விரல் நீளமுள்ள மீன்கள் அவர் பாதத்தைச் சுற்றி வந்தன. எதிர்க்கரையில் நீண்டிருந்த புல்வெளியை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது படுகையல்லவா? எங்க ஊர்லேயும் ஆத்துக்கு இப்படித்தாண்டா இடம் விட்டிருப்பாங்க” என்றார். ஊரை விட்டு வந்து அறுபது ஆண்டுகளான பிறகு, படுகை என்னும் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் நான் கேட்டேன். பிறகு பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பழைய வழக்கப்படி நான்காக மடித்து, நனைந்த பாதங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். மேற்கே கருக்கலிட்டிருந்தது, தூறல் விழவும் நாங்கள் மெல்லக் கரையேறினோம்.