ஆங்கிலச் சொற்களை வேரோடு கற்றல்

(இளைஞர் அமர்வில் நிகழ்த்திய உரை)



இச்சங்கம் 25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறது. கணக்கில் நம்மவர் தேறிவிடுகின்றனர், ஆங்கிலத்தில்தான் தயங்குகின்றனர். காரணம் அறிவுக் குறைவு அன்று, கற்கும் முறையே. நாளுக்குப் பத்துச் சொல் என்று குறிப்பேட்டில் எழுதி, இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் தமிழுமாக வைத்து ஒப்பிக்கின்றோம். ஞாயிறன்று எழுதிய சொல் வியாழனன்று நினைவில் இருப்பதில்லை. வேர் பிடிக்காத நாற்று அடுத்த மழையில் மிதந்துபோகும் என்பதை நாஞ்சில் நாட்டு வயலில் இறங்கியவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே பத்துச் சொல்லை விட்டு ஒரு சொல்லை எடுங்கள் என்கிறோம். அது எங்கே பிறந்தது, எவர் வாய்வழி வந்தது, வழியில் எப்பொருளை இழந்து எப்பொருளை ஏற்றது, அதன் உடன்பிறப்புகள் எவை என்று விடாமல் பின்சென்று பாருங்கள். இம்முறை எல்லார்க்கும் நன்மை தருவது, நமக்கோ இன்றியமையாதது. ஏனெனில், ஆங்கிலத்தில் நம்மையே குறித்து ஆளப்படும் சொற்கள் பலவுள. அவற்றின் வரலாறு அறியாதவன் நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் அச்சொல் வரும்போது காரணமின்றித் தலை குனிகிறான்.

ஆங்கிலம் முற்றும் அயல் என்ற அச்சமும் வேண்டா. 1806இல் ரிங்கல்தௌபே என்னும் பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். அவரை வரவழைத்தவர் நம் சமூகத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம். 1809இல் அங்கே தொடங்கிய பள்ளியே பின்னர் நாகர்கோவிலுக்குப் பெயர்ந்து ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே நம் கடற்கரைச் சொற்கள் கப்பலேறிவிட்டன. கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' என்னும் சூப்பாகிச் சீமை விருந்துகளில் இடம் பிடித்தது. இவையெல்லாம் இனிய பயணங்கள். இன்னொரு சொல்லும் இக்கரையிலிருந்து சென்றது. அதன் பயணம் இனியதன்று. ஆயினும் அதையே இன்று விரிவாகக் காண்போம்.

'பரையா' என்பது அச்சொல். ஆங்கிலச் செய்தித்தாளில் 'பரையா ஸ்டேட்' என்று படித்திருப்பீர்கள்; பிற நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு என்பது பொருள். தெருநாயைப் 'பரையா டாக்' என்றனர். இன்று பறவை நூல்களில் கரும்பருந்து எனப்படுவதையும் முன்னர்ப் 'பரையா கைட்' என்றே வழங்கினர். அகராதியைத் திறந்தால் 'எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் காண்கிறோம். மேலோட்டமாகப் படிப்பவன் இவ்விடத்தில் அகராதியை மூடிவிடுவான். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பிறப்பு விவரத்தைப் படியுங்கள். இது தமிழ்ச்சொல் என்றே அங்கு இருக்கும்.

பறை என்பது முரசு. தொல்காப்பியம் நிலந்தோறும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது; பறையில்லாத திணை இல்லை. புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடிய பாடல் ஒன்று நான்கு குடிகளை எண்ணுகிறது. பறையன் அவற்றுள் ஒருவன். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே அன்றாட வினை. நம் விளவங்கோடு பக்கத்தில் தமிழ் பேசுவோர் வாயிலும் 'அவன் பறஞ்சான்' என்பது வழக்கு. செய்தியை ஊர்க்கு அறிவிப்பவன் என்பதற்கும் ஒதுக்கப்பட்டவன் என்பதற்கும் எத்துணைத் தொலைவு!

அத்தொலைவைச் சொல் எப்படிக் கடந்தது? பறையர் என்ற பன்மையை ஐரோப்பியர் தம் காதில் விழுந்தவாறு பெயராகப் பதிந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் அது தென்படுகிறது. முதலில் ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெயர். பின்னர்ச் சாதியே அற்றவர் என்று பிழையாகக் கொண்டனர். அதன்பின் உலகில் எவரை எவர் ஒதுக்கினாலும் அவர்க்கு இப்பெயர். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் வெளியிட்ட தம் பயண நூலின் தலைப்பிலேயே தம்மைப் 'பரியா' என்று குறித்துக்கொண்டார். கணவனைப் பிரிந்து, சொத்துரிமையும் மறுக்கப்பட்ட ஒரு பெண், தம் துயரைச் சொல்லத் தமிழ்நாட்டுப் பெயரைத் தேர்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இப்பிழையைச் சுட்டியவர்களும் உண்டு. நமக்கு அண்மையில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், பறையர் சாதியிழந்தவரோ கலப்பில் தோன்றியவரோ அல்லர், தொன்மையான தனிக்குடியினர் என்று தம் ஒப்பிலக்கண நூலில் வாதிட்டார். 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பகுதி உண்டு. 1913ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இல்லை, நீக்கிவிட்டனர்! ஒரு சொல்லின் வரலாற்றை நாமே தேடிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? இரட்டைமலை சீனிவாசன் அவர்களோ 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பிறர் இழிவாக்கிய பெயரை அவர் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார்.

அப்படியாயின் நாம் ஆங்கிலம் எழுதும்போது 'பரையா' என்று எழுதலாமா? வேண்டா என்பதே நம் கருத்து. ஒதுக்கப்பட்டவர் என்று சொல்ல 'அவுட்காஸ்ட்' என்னும் சொல் உளது. பிறர் அறியாது எழுதினால் சினவாமல் இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவரும் ஒரு சொல் கற்றுக்கொள்வார். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 'அவுட்காஸ்ட்' என்பதிலுள்ள 'காஸ்ட்' எறிதலைக் குறிப்பது. வட ஐரோப்பிய மொழியிலிருந்து வந்தது. சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' போர்த்துக்கீசியரின் 'காஸ்தா'விலிருந்து வந்தது. எழுத்தில், பின்னதன் இறுதியில் 'இ' என்னும் எழுத்து ஒன்று மிகும், ஒலியில் வேறுபாடில்லை, பிறப்பில் உறவே இல்லை.

சொல்லாராய்ச்சி பண்டிதர் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டா. டாக்டர் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதவர் பற்றிய நூலில் 'அந்திய' என்னும் வடசொல்லை எடுத்துக்கொள்கிறார். படைப்பின் கடைசியில் தோன்றியவர் என்று பிறர் பொருள் சொல்ல, இல்லை, ஊரின் எல்லையில் குடியிருந்தவர் என்பதே பொருள் என்று வாதிடுகிறார். பிறப்பு இழிவு என்றதை இருப்பிடச் செய்தி என்று மாற்றிவிட்டார். ஒரு சொல்லின் பொருளைக் கேட்டே இதைச் செய்தார்.

இனி, உங்கள் விண்ணப்பத் தாளில் எப்போதும் வரும் 'ஷெட்யூல்ட்' என்பதைப் பாருங்கள். இலத்தீனில் 'ஷெதுலா' என்றால் சிறு துண்டுத்தாள். அதன் மூலம் பாப்பிரசு இதழைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் ஓலை நறுக்குக்கு ஒப்பானது. சட்டத்தின் பின்னே இணைத்த தாளுக்கு அப்பெயர் வந்தது. பின்னர் நேர அட்டவணைக்கும் வந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமும் 1936ஆம் ஆண்டு ஆணையும் நம் சாதிகளை ஒரு பட்டியலில் வைத்தன; குடியரசான பின் 1950ஆம் ஆண்டு ஆணை வைத்தது. 'ஷெட்யூல்ட்' என்பது பட்டியலில் உள்ளது என்ற அளவே. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளவை 'ஷெட்யூல்ட்' வங்கிகள். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ளது தமிழ். தமிழுக்கு அதனால் இழிவு வந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை!

அதற்கு முந்திய சொல் 'டிப்ரஸ்ட்'. 'பிரஸ்' அழுத்துதல், 'டி' கீழே. வெளியே அழுத்தினால் 'எக்ஸ்பிரஸ்', உள்ளே பதித்தால் 'இம்பிரஸ்', எதிர்த்து அழுத்தினால் 'ஒப்ரஸ்'. ஒரு வேரில் இத்தனை சொல் கிடைக்கின்றன, மனப்பாடம் வேண்டுவதில்லை. தமிழில் நாம் தாழ்ந்தோர் என்னாமல் தாழ்த்தப்பட்டோர் என்கிறோமே, அந்தப் 'பட்டோர்' தாழ்த்தியவன் ஒருவன் உண்டு என்று காட்டிக்கொடுக்கிறது. 'டிப்ரஸ்ட்' என்பதன் இறுதி 'ட்' செய்வதும் அதே பணி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'ரிசர்வ்', 'டிசர்வ்' இரண்டும் ஒருதாய்ப் பிள்ளைகள் போலத் தோன்றும், அல்ல. 'ரிசர்வ்' என்பதன் வேர் காத்தல். 'பிரிசர்வ்', 'கன்சர்வ்' அதன் உடன்பிறப்புகள். 'டிசர்வ்' என்பதன் வேர் ஊழியம் செய்தல். இலத்தீனில் அடிமையைக் குறிக்கும் 'செர்வுஸ்' என்பதோடு உறவுடையது. நன்கு உழைத்தவன் பெறும் தகுதி என்று பொருள் விரிந்தது. தகுதியா, ஒதுக்கீடா என்று உங்களை மடக்கிக் கேட்போர் இவ்விரு சொல்லையும் மோதவிட்டுப் பேசுவர். அப்போது, தலைமுறைதோறும் ஊழியம் செய்தவர் எவர் என்று அச்சொல்லின் வேரைக் கொண்டே நீங்கள் கேட்கலாம்.

வரும் வகுப்புக்கு 'சர்டிபிகேட்' என்ற சொல்லை எடுத்து வாருங்கள். சாதிச் சான்றிதழ் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. அச்சொல்லில் இரண்டு பகுதிகள் உள: ஒன்று 'உறுதி', மற்றொன்று 'செய்தல்'. 'சர்டன்', 'ஃபேக்டரி', 'மேனுஃபேக்சர்' ஆகியவை அதன் சுற்றத்தார். இன்னும் எத்தனை பேரைத் தேடிப் பிடிக்கிறீர்கள் என்று பார்ப்போம். அகராதி சங்க நூலகத்தில் உள்ளது. திறவுகோல் நூலகரிடம் கிடைக்கும்.