மலையின் வருமானம் யார் கையில்?



2024-25இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 விழுக்காடு வளர்ந்தது. இந்த வளர்ச்சியில் பழனி மலைக்குக் கிடைத்தது என்ன? இந்த இரண்டு நாள் கருத்தரங்கின் தலைமை உரையில் இந்த ஒன்றைத்தான் கேட்க விரும்புகிறேன்.

மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர் வீடுகளில் மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை போட்டு வைத்திருப்பார்கள். பூண்டு கெடாமல் இருக்கவும், அடுத்த நடவுக்கு விதையாகவும் அதுதான் வழி. 2019இல் இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அதற்காக உழைத்தது. ஆனால் மூட்டை இறங்குவது மலைக்குக் கீழே வடுகபட்டிச் சந்தையில். விலை அங்கே முடிவாகிறது. குறியீடு மலையின் பெயரில் இருக்கிறது. விலை மலையின் கையில் இல்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் அழித்தபோதும் இழப்பு முழுவதும் கீழ்மலைக் குடியானவன் தலையிலேயே விழுந்தது.

வெளியிலிருந்து வந்த திட்டங்களின் கதை இன்னும் கசப்பானது. தோல் பதனிட வாட்டில் மரம், விஸ்கோஸ் கூழுக்குத் தைல மரம் என்று சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளில் நட்டார்கள். தேவை குறைந்தது, வாட்டில் பரவுவது நிற்கவில்லை. மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விட்ட புல்வெளி சுருங்கியது. அமராவதிக்கும் வைகைக்கும் நீர் கொடுக்கும் மலை இது என்பதால், அடிவாரத்து வயலும் அந்த நட்டத்தில் பங்கைச் சுமக்கிறது.

1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்களோடு இங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. வேலை கிடைத்தது என்று ஊர் மகிழ்ந்தது. 2001இல், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரிந்து, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான நிவாரண உடன்பாடு வர 2016 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள்! இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

இப்போது நாம் நம்பியிருப்பது சுற்றுலா. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. சீசன் வருமானத்தை வைத்தே வருடத்தை ஓட்டும் கடைக்காரரின் கவலை நியாயமானது. இருந்தாலும் வரம்பு தேவை என்றே சொல்வேன். குடிநீரும் சாலையும் கூட்டத்துக்கேற்ப வளர்வதில்லை.

ஆய்வாளர்கள் வாகனங்களை எண்ணுவதோடு நிற்காமல், மேலே வரும் ஒவ்வொரு ரூபாயும் எந்த ஊரில் போய் நிற்கிறது என்று பின்தொடர வேண்டும். பூண்டைத் தரம் பிரித்துப் பொட்டலம் போடும் வேலையை மேல்மலையிலேயே நடத்த என்ன செலவாகும் என்று இந்த இரண்டு நாளில் கணக்குப் போட்டுக் கொடுங்கள். முதல் அமர்வில் பூண்டு விவசாயிகள் பேசட்டும். கட்டுரைகள் அதன் பிறகு வாசிக்கப்படட்டும்.