தள்ளிப்போட்ட ஞானஸ்நானம்

கி.பி. 337 ஆம் ஆண்டு மே மாதம். உரோமைப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் நிக்கோமேதியா நகருக்கருகே நோயுற்றுக் கிடந்தான். கிறிஸ்தவர்களுக்கு அவன் வழிபாட்டுரிமை வழங்கி இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் அவன் அதுவரை ஞானஸ்நானம் பெற்றிலன். மரணம் வாயிலில் வந்து நின்றபோதே ஆயரை அழைத்தான். நீராட்டப்பெற்றபின் அரசருக்குரிய ஊதா ஆடையைத் தீண்டாது, வெள்ளாடையுடனேயே உயிர் நீத்தான்.

இதனை அரசனொருவனின் தந்திரமென்று தள்ளிவிடுதல் நியாயமன்று. முன்செய்த பாவங்கள் யாவும் அந்நீரிற் கழுவப்படும். ஆனால் இரண்டாம் முறை அந்நீராட்டு இல்லை. ஆகவே வாழ்வின் இறுதியிற் பெறுவதே பாதுகாப்பு எனப் பலர் அக்காலத்தில் எண்ணினர். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அது வாணிகன் கணக்கு.

வட ஆபிரிக்காவில் 354 இற் பிறந்த அகுஸ்தீனும் இக்கணக்கிற்கு உட்பட்டவரே. சிறுவயதிற் கடும் வயிற்றுநோய் கண்டபோது, தாய் மோனிக்கா அவருக்கு ஞானஸ்நானம் அளிக்க விரைந்தார். நோய் தணிந்தது, சடங்கும் நின்றது. இளமையில் நேரக்கூடிய பிழைகளுக்காக நீர் சேமித்து வைக்கப்பட்டது! நோயாளி இன்னும் குணமடையவில்லையே, மேலும் காயம் படட்டும் என்று எவரும் விட்டுவிடுவதில்லை; ஆன்மாவை மட்டும் அவ்வாறு விடலாமோ என்று பின்னாளில் தமது 'ஒப்புதல்கள்' என்னும் நூலில் அவர் வினவுகிறார்.

384 இல் அவர் சொற்கலை ஆசிரியராக மிலான் நகருக்கு வந்தார். 387 ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவில், ஆயர் அம்புரோஸ் கையால் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். உடன் நின்றோர் நண்பர் அலிப்பியுஸும், பதினைந்து வயது மதிக்கத்தக்க மகன் அதெயோதாத்துஸும். அந்நகரின் பேராலய முன்றிலின் கீழே அகழ்ந்து காணப்பட்ட எண்கோணத் தொட்டியே அவர் இறங்கிய இடமென்பர். ஏழு நாட்கொண்ட வாரம் முடிந்து வரும் எட்டாம் நாளை, கிறிஸ்து உயிர்த்த நாளை, அவ்வெண்கோணம் குறிக்கும்.

'ஞானஸ்நானம்' என நாம் வழங்குவதன் கிரேக்க மூலச் சொல்லுக்கு அமிழ்த்துதல் என்பது பொருள். உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அடிகள் அதனை அடக்கத்துக்கு ஒப்பிடுகிறார்: கிறிஸ்துவோடு புதைக்கப்பட்டு, அவரோடு புதுவாழ்வுக்கு எழுதல். அவ்வாறாயின் அத்தொட்டி குளிக்குமிடம் மட்டுமன்று, கல்லறையுமாகும். பேரரசன் அதனை இறுதிக்கென வைத்திருந்தான். அகுஸ்தீனார் முப்பத்திரண்டாம் வயதில் அதனுள் இறங்கி எழுந்தார். எழுந்தபின் நாற்பத்துமூன்று ஆண்டுகள் வாழவேண்டியிருந்தது.

அவ்வாழ்வு மாசற்றதென அவர் பெருமை பேசினாரல்லர். அந்நூலின் பத்தாம் பாகத்தில், உணவின் சுவை, இசையின் இன்பம், பிறர் புகழ்ச்சி எனத் தம்மை இன்னும் இழுக்கும் ஆசைகளை ஒவ்வொன்றாய்க் குறிக்கிறார். அதனை எழுதும்போது அவர் ஓர் ஆயர்.