சில்லறைத் தொல்லைகள்



காலை ஆறரை மணிக்கு நம் வீடுகளில் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மோட்டார் போட்டாயிற்று, தண்ணீர் ஏறவில்லை. குழம்பு கொதிக்கிற நேரத்தில் கேஸ் தீர்ந்துபோகிறது. பிள்ளையின் ஒரு கால் சாக்ஸைக் காணோம். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. இதில் எதுவும் பெரிய துன்பம் இல்லை. யாரிடமாவது சொன்னால், "இதுக்குப் போயா இவ்வளவு அலுத்துக்கிறே?" என்பார்கள். ஆனால் எட்டரை மணிக்குப் பஸ் ஏறும்போதே தோள்பட்டை இறுகிப்போய்விடுகிறது, தலை கனக்கிறது, பக்கத்தில் நிற்பவர் லேசாக இடித்தாலும் சுள்ளென்று கோபம் வருகிறது.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே வந்து நிற்கும். ஒருவருக்கு வேலை போய்விட்டால் சொந்தபந்தம் விசாரிக்கும். இந்தச் சில்லறைத் தொல்லைகளை விசாரிக்கத்தான் ஆள் கிடையாது. யாரும் விசாரிக்காததால் நாமும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அங்கேதான் பிசகு நடக்கிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியல் அறிஞர் இருந்தார். அவரும் அவருடைய குழுவினரும் நடுவயதுக்காரர்கள் 100 பேரை மாதக்கணக்கில் கவனித்து, 1981ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரணம், மணமுறிவு, வேலையிழப்பு போன்ற பெரிய அடிகளையும் குறித்துக்கொண்டார்கள், அன்றாடத் தொல்லைகளையும் குறித்துக்கொண்டார்கள். ஒருவருடைய மனம் எந்த அளவுக்கு வாடியிருக்கிறது என்பதைப் பெரிய அடிகளைவிட அன்றாடத் தொல்லைகளே தெளிவாகக் காட்டின. அந்த 100 பேர் அதிகம் சொன்ன தொல்லைகள் எவை தெரியுமா? உடல் எடை, வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் இருப்பது, விலைவாசி, வீட்டைப் பழுதுபார்ப்பது, ஒரே நேரத்தில் குவிகிற வேலைகள், வைத்த பொருளைக் காணாமல் தேடுவது. எங்கோ அமெரிக்காவில் போட்ட பட்டியல், திருச்சியிலோ தூத்துக்குடியிலோ இருக்கிற ஒரு வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

சின்னத் தொல்லை எப்படி உடம்பைப் பிடிக்கிறது? சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் சுரப்பி என்று பெயர். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றிவிட்டால் அது அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், தசைகளுக்கு ரத்தம் பாயும், செரிமானம் மந்தமாகும். கொஞ்ச நேரத்தில் கார்டிசால் என்ற இன்னொரு சுரப்பு வந்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, அந்த விழிப்பை நீட்டித்து வைக்கும். சண்டை போடவும் ஓடித் தப்பிக்கவும் உடம்பு எப்படித் தயாராகிறது என்பதை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேனன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். துரத்துகிற நாயிடமிருந்து தப்பி ஓடினால் அந்த வேகம் செலவாகிவிடும், உடம்பும் தணிந்துவிடும். ஆனால் மின்கட்டண ரசீதைப் பார்த்துவிட்டு எங்கே ஓடுவது? மேலதிகாரி அதட்டும்போது எங்கே ஓடுவது? ஏறிய வேகம் தணிவதற்குள் அடுத்த தொல்லை வந்துவிடுகிறது. தொல்லையே இல்லாத வாழ்க்கை யாருக்கும் கிடைக்காது. ஒரு தொல்லைக்கும் அடுத்த தொல்லைக்கும் நடுவில் உடம்பு தணிய ஓர் இடைவெளி கொடுக்க நம்மால் முடியும்.

அந்த இடைவெளியை இப்போதே செய்து பார்ப்போமா? வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள், வீட்டுக்குப் போய்ச் செய்யலாம். மற்றவர்கள் தோளைத் தளர்த்தி உட்காருங்கள். மூக்கு வழியாக மூச்சை மெதுவாக இழுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இப்போது விடுங்கள், இழுத்ததைவிட நிதானமாக. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. இன்னொரு முறை இழுங்கள். விடுங்கள்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாக வேகமெடுக்கும், விடும்போது லேசாகக் குறையும். மூளையிலிருந்து கிளம்பி நெஞ்சு, வயிறு வரை இறங்குகிற வேகஸ் என்ற நரம்புதான் அந்தக் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறது. மூச்சு விடுகிற நேரத்தை நீட்டினால், இதயம் தணிகிற நேரத்தையும் நீட்டுகிறோம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம். இப்படிச் செய்தால் அது ஆறு முறையாகக் குறையும். மூன்று நான்கு நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். பஸ் நிறுத்தத்திலும் செய்யலாம், ரேஷன் கடை வரிசையிலும் செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

மூச்சில் கவனம் நிற்கவில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் எழுதிய புத்தகத்தில் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லியிருக்கிறார். கையை இறுக மூடி, ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து, சட்டென்று விடுங்கள். பிறகு தோளைக் காதுவரை தூக்கி, விடுங்கள். நெற்றியைச் சுருக்கி, விடுங்கள். உடம்பு எங்கே இறுகிக் கிடக்கிறது என்பதே நமக்குப் பல நேரம் தெரிவதில்லை. இறுக்கிவிட்டுத் தளர்த்தும்போதுதான் அது பிடிபடுகிறது.

உடம்பைத் தணிப்பது ஒரு பக்கம். தொல்லையையே குறைக்க முடிகிற இடங்களும் இருக்கின்றன. லாசரஸ் குழுவின் பட்டியலில் இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம், வைத்த பொருளைத் தேடுவது. வண்டிச் சாவி, ஸ்மார்ட் கார்டு, கேஸ் புத்தகம், மூக்குக் கண்ணாடி, மருந்துச் சீட்டு. அவசரத்தில் இவற்றைத் தேடும்போது வீட்டில் வெடிக்கிற சண்டை கொஞ்சநஞ்சமா? கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டுங்கள். காகிதங்களுக்கு என்று ஒரு தகரப் பெட்டி வையுங்கள், ஆதார் முதல் தடுப்பூசி அட்டை வரை அதிலேயே இருக்கட்டும். பிள்ளையின் சாக்ஸையும் டையையும் ராத்திரியே பையின் மேல் வைத்துவிடுங்கள். இதையெல்லாம் வானொலியில் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். சொல்லத்தான் வேண்டும். தியானம் கற்றுக்கொள்ளக் கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறோம், ஓர் ஆணி அடிப்பதைத் தள்ளிப்போடுகிறோம். மனதை அமைதிப்படுத்துகிற வேலையில் அந்த ஆணிக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது தூக்கம். படுத்ததும் நாளைய வேலைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும், பிளம்பரைக் கூப்பிட வேண்டும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் சிலரை எழுதவைத்தார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதினால் பலன் இன்னும் கூடுதல். பழைய டைரியோ, காலண்டர் தாளின் பின்பக்கமோ, ஏதாவது போதும். எழுதி வைத்ததை மனம் காவல் காக்க வேண்டியதில்லை.

சாயங்காலக் காபியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காபியில் உள்ள காஃபின் பாதியளவு கரையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த காபியில் பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் வராமல் தவிப்பவர்கள் மத்தியானத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் நாமே செய்துகொள்ளக்கூடியவை. ஆனால் மன அழுத்தம் முழுக்க முழுக்க அவரவர் பொறுப்பு என்று சொன்னால் அது அநியாயம். துணிக்கடையில் காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்ணிடம் போய், மூச்சை மெதுவாக விடுங்கள் என்று மட்டும் எப்படிச் சொல்வது? அவருக்கு முதலில் வேண்டியது ஒரு நாற்காலி. கேரளத்தில் கடைப் பெண்கள் அதற்காகப் போராடி, 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். கடை வைத்திருக்கிற நேயர்களே, உங்கள் கடையில் அந்த நாற்காலி இருக்கிறதா? அதில் உட்கார அவர்களுக்கு அனுமதியும் இருக்கிறதா?

நாற்காலி மட்டும் போதாது, வேலையில் ஒரு பிடியும் வேண்டும். லண்டனில் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தினார். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு அதிகப் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. எனக்கு உடனே நம் வீட்டுப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நாள் முழுக்க மற்றவர்களின் கடிகாரத்துக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். ஒரு நாளில் அரை மணி நேரம், யாரும் கூப்பிடாத அரை மணி நேரம், அவர்களுக்கு வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பையும் பிள்ளையையும் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதை உதவி என்று நினைத்துச் செய்யாதீர்கள், உங்கள் பங்கு என்று செய்யுங்கள்.

கடைசியாக ஒரு முக்கியமான செய்தி. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தனியாகத் தாங்கிக்கொண்டிருக்காதீர்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்: 14416. ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் போனில் பதிந்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேவைப்படலாம்.