குண்டின் முனையும் வேட்டைக்காரன் கடமையும்



அத்திபெலேயில் வாழும் தமிழன்பர்கள் எல்லைச் சாவடியைக் கடந்ததும் அடைவது ஓசூர். அங்கிருந்து தெற்கே தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி எனக் காடுகள் விரிகின்றன. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தம் வேட்டைக் கதைகளால் இக்காடுகளை உலகறியச் செய்தவர். அவர் கையாண்டது .405 வின்செஸ்டர் ரைபிள். அதன் குண்டு 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ளது.

ஆயினும், தோட்டாவைத் தேர்ந்தெடுக்கையில் எடையை மட்டும் நோக்குதல் போதாது. குண்டின் முனையையும் நோக்க வேண்டும். ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டு, உடலுட் புகுந்ததும் காளான்போல் விரியும். புலி, சிறுத்தை ஆகியவற்றுக்கு அதுவே ஏற்றது. முனைவரை உலோக உறை போர்த்த கெட்டிக் குண்டோ விரியாது. யானையின் மண்டையெலும்பைத் துளைத்து மூளையை எட்டும். இவற்றை மாற்றிப் பயன்படுத்தினால், கெட்டிக் குண்டு புலியை ஊடுருவி மறுபுறம் வெளியேறிவிடக் கூடும். மென்முனைக் குண்டு யானையின் எலும்பிலேயே நசுங்கி நின்றுவிடக் கூடும். விலங்கு உடனே மடியாது. நோவோடு காட்டினுள் மறையும்.

அந்நோவின் விளைவைச் சுமப்பவர் யார்? 1954-இல் வெளிவந்த தம் முதல் நூலில் ஜவளகிரிப் பெண்புலியின் கதையை ஆண்டர்சன் கூறுகிறார். இளம் வேட்டைக்காரர் ஒருவர் சுட்டுக் காயப்படுத்தித் தப்பவிட்ட பின்னரே அது ஆட்கொல்லியாயிற்று என்பது அவர் கூற்று. சுட்டவர் நகரம் திரும்பிவிடலாம். மாடு மேய்ப்போரும் சுள்ளி பொறுக்குவோரும் அவ்வாறு திரும்பிச் செல்ல வேறிடம் இல்லை.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தற்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. இன்று ரைபிளின் இடத்தில் கால்நடை மருத்துவரின் மயக்க ஊசித் துப்பாக்கி நிற்கிறது. அங்கும் அளவறிதலே உயிர்நாடி. மருந்து குறைந்தால் விலங்கு வெகுண்டோடும்; மிகுந்தால் மூச்சு நின்றுவிடலாம்.

வலியறிதல் என ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தார். தன் கருவியின் வலியும் எதிர்நிற்கும் உயிரின் வலியும் அறியாதவன் விசையைத் தொடலாகாது. பன்னேருகட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியே இன்றும் யானைகள் வருகின்றன. அவை கேழ்வரகுக் கொல்லையில் புகுந்தால் நாட்டுத் துப்பாக்கியைத் தேடாதீர்கள். வனத்துறையினர்க்கு உடனே தெரிவியுங்கள். அரைகுறையாய்ப் பாய்ந்த குண்டின் கணக்கை அடுத்த கிராமமே தீர்க்க நேரும்.