பீ அம்மா

வீட்டுக்கு மூத்த பெண்மணி ஒருவரை நினைக்கும்போது, அடுப்பங்கரையும் பேரப்பிள்ளைகளுமே முதலில் நம் கண்முன் தோன்றும். வட இந்தியாவிலே ராம்பூரில் வாழ்ந்த ஆபாதி பானு பேகமும் அத்தகைய குடும்பத் தலைவிதான். மௌலானா சௌகத் அலி, மௌலானா முகம்மது அலி என்னும் சகோதரர்களைப் பெற்றவர் அவர். பிள்ளைகள் அழைத்த ‘பீ அம்மா’ என்ற பெயராலேயே பின்னர் நாடும் அவரை அழைத்தது.

இளமையிலேயே அவர் கணவரை இழந்தார். கையில் ஆறு குழந்தைகள். மறுமணத்தை மறுத்துவிட்டார். பள்ளிப் படிப்பு அறியாத அவருக்குப் பிள்ளைகளின் படிப்பே பெருங்கவலை. குடும்பச் சொத்தைக் கவனித்துவந்த மைத்துனரோ, ஆங்கிலக் கல்வி சமயப் பற்றைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, அதற்குப் பணம் தர இசையவில்லை. பீ அம்மா வாதாடவில்லை. தம் நகைகளை இரகசியமாக அடகு வைத்தார். பிள்ளையைப் பரேலியிலிருந்த ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். பரேலிக்குப் பின் அலிகார். 1898-இல் முகம்மது அலி ஆக்ஸ்போர்டு சென்றார்.

இவ்வாறு வளர்த்த மக்களை 1915-இல் அரசு காவலில் வைத்தது. தள்ளாத வயதில் தாயும் அவர்களோடு சிந்த்வாராவில் தங்கினார். 1917-இல், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கையெழுத்திட்டால் விடுதலை என்று அதிகாரி ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். திரைக்குப் பின்னிருந்து அன்னை பேசினார். சிறைக்கு அஞ்சி என் மக்கள் கையெழுத்திடுவார்களானால், அவர்கள் குரல்வளையை நெரிக்கும் வலிமையை இந்த முதிய கைகளுக்கு இறைவன் தருவான் என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். பெற்ற தாய்க்கு அது எளிய சொல்லன்று. மக்கள் வெளிவர மேலும் இரண்டாண்டுகள் சென்றன.

1921 செப்டம்பரில் முகம்மது அலி காந்தியடிகளுடன் சென்னைக்கு வந்துகொண்டிருந்தார். வழியில் வால்டேரில் கைதானார். கராச்சியில் நடந்த வழக்கில் சகோதரர் இருவருக்கும் இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. எழுபது வயதைத் தாண்டிய பீ அம்மா அப்போது வீட்டில் அமர்ந்து அழவில்லை. கதருடுத்து ஊர் ஊராகச் சென்றார். இந்து-முஸ்லிம் ஒற்றுமையைப் போதித்தார். வாழ்நாள் முழுவதும் திரை காத்தவர், பஞ்சாபில் ஒரு பெருங்கூட்டத்தின் முன் முகத்திரையை விலக்கினார். கூடியிருப்போர் யாவரும் தம் பிள்ளைகள். பிள்ளைகளிடம் தாய்க்குத் திரை எதற்கு என்பதே அவர் தந்த விளக்கம். குடும்பத்தை விட்டு அவர் வெளியே வரவில்லை; குடும்பத்தின் எல்லையைத்தான் விரித்துக்கொண்டார்.

1924 நவம்பர் 13-ஆம் நாள் பீ அம்மா மறைந்தார். தாயின் பாடுகளை முகம்மது அலி தம் வாழ்க்கை நூலில் எழுதிவைத்தார். அதனால் நாமும் அறிகிறோம். நேயர்களே, நம் வீடுகளிலும் ஒருவர் படிப்புக்காக அடகுக் கடைக்குப் போன வளையலின் கதை ஒன்று இருக்கக்கூடும். அதைத் தாமாக எடுத்துச் சொல்லும் வழக்கம் நம் மூத்த தாய்மாருக்கு இல்லை. அவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்டுக்கொள்வது நம் கடமை.