சாவியை வாங்குமுன் கடிதத்தைக் கேளுங்கள்
(புதிதாக லொறி ஓட்ட அனுமதிப்பத்திரம் பெற்ற இளைஞர்களுக்காக நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முன்வரிசையில் இருக்கும் தம்பிமாரே,

கனரக வாகன லைசன்ஸ் எடுத்துவிட்டீர்கள். அந்தக் கார்ட் கைக்கு வர லயத்தில் என்னவெல்லாம் அடகுக்குப் போனது என்பது நமக்குத் தெரியும். அம்மாவின் தோடு போன வீடும் இதில் உண்டு. மெடிக்கலுக்கு ஒரு நாள், எழுத்துப் பரீட்சைக்கு ஒரு நாள், ஓட்டிக் காட்ட ஒரு நாள் என்று பேர் விழாமல் போன நாட்களும் உண்டு. அதனால் வாழ்த்தைச் சுருக்கமாகச் சொல்லி விஷயத்துக்கு வருகிறோம்.

துரை இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, நம் பாட்டில் ஓடலாம் என்று நினைக்கிறீர்கள். சரி. ஆனால் உங்கள் அம்மாவுக்குச் செக்ரோலில் பேர் இருக்கிறது. சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், கம்பெனி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். நமக்கு அதில் ஆயிரம் முறைப்பாடு இருந்தாலும் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. லொறி முதலாளி தருவது என்ன? ட்ரிப்புக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு. அதுவும் வாய்ப்பேச்சு.

நாங்கள் படிப்பித்த ஒரு பிள்ளை நான்கு வருடம் மரக்கறி லொறி ஓட்டினான். பின்னேரம் நுவரெலியாவில் லீக்ஸும் கோவாவும் ஏற்றி, விடியுமுன் பெலியகொட மெனிங் சந்தையில் இறக்க வேண்டும். திரும்பி வந்த கையோடு அடுத்த லோட் காத்திருக்கும். தூக்கம் சீட்டில்தான். பிரேக் சரியில்லை என்று மூன்று தடவை சொன்னான். "இந்த ட்ரிப்பை முடித்துவிட்டு வா, பார்ப்போம்" என்றார் முதலாளி. வட்டவளை தாண்டி இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மண்மேட்டில் மோதி நிறுத்தினான். கிளீனர் பையன் கீறலோடு தப்பினான். இவனுக்குக் கால் முறிந்தது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை தோடம்பழத்தோடு வந்தார். பிறகு, "அன்றைக்கு மட்டும்தான் ஓட்டினான், என்னிடம் வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிட்டார். பொலிஸ் வழக்கோ பையனின் பேரில்.

வேலையில் அடிபட்டால் நட்டஈடு கொடுக்கச் சொல்லும் சட்டம் 1934 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. வேலை செய்தான் என்று நிரூபிப்பதுதான் பாடாய்ப்போனது. கடைசியில் உதவியது எது தெரியுமா? அவன் மனைவி பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்த டீசல் பில்கள். அவற்றில் லொறி நம்பரும் திகதியும் இருந்தன. அந்தத் தங்கச்சி எறியாமல் வைத்திருந்ததால்தான் தொழில் காரியாலயத்தில் நாங்கள் வாய் திறக்க முடிந்தது.

ஆகவே சாவியை வாங்குமுன் கடிதம் கேளுங்கள். உங்கள் பேர், வேலை தொடங்கும் திகதி, சம்பளம், சேமலாப நிதி. தர மாட்டேன் என்றால், வீட்டு நிலைமையில் நீங்கள் அந்த லொறியில் ஏறத்தான் போகிறீர்கள், அதையும் அறிவோம். அப்படியானால் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, லொறி நம்பர், எங்கிருந்து எங்கே, என்ன பாரம், எத்தனை மணிக்கு, கையில் வந்த காசு. பிரேக், டயர் பழுதென்றால் போனில் எழுதி அனுப்புங்கள், அதை அழிக்காதீர்கள். சிங்களத்தில் மட்டும் இருக்கும் தாளில் விளங்காமல் ஒப்பம் வைக்க வேண்டாம். பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். ஓவர்லோட் ஏற்றச் சொல்பவர் முதலாளி. றோட்டில் மறிக்கும்போது லைசன்ஸை நீட்டுபவர் நீங்கள்.

ஓட்டுவதைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி இல்லை, சைக்கிளே தடுமாற்றம். கடைசி வரிசையில் நம் பழைய கொழுந்து லொறி அண்ணன் இருக்கிறார். மலையில் ஏற எந்த கியரோ, இறங்கவும் அந்த கியர் என்பார் அவர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ட்ரம் சூடேறி, கினிகத்தேனை வருமுன் பிடிக்காமல் போகுமாம். மிச்சத்தை அவரிடமே கேளுங்கள், ஒரு பிளேன்டீ போதும், பேசுவார்.

மேசையில் கொப்பிகள் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்று. நாளைக்கு முதல் லோட் ஏற்றப் போகும் தம்பி முதலில் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.